வலை பெரிதானால் வளையங்கள் எங்கே போகின்றன?

பாளை_நிரல் · வெள்ளி, இரவு 9.40

எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு, பாளையங்கோட்டை. ப்ராஜெக்ட் பாலிமர் வலைகளைப் பற்றியது, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சந்திகளில் பிணைந்து உருவாகும் ரப்பர், ஜெல் போன்றவை. மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

நிரல் செய்வது இவ்வளவுதான். நான்கு கை உள்ள சந்திகள், இரண்டு முனை உள்ள சங்கிலிகள். ஒவ்வொரு முனையையும் குலுக்கல் முறையில் ஏதோ ஒரு காலிக் கையில் மாட்டுகிறேன். எல்லாம் மாட்டி முடிந்ததும் வளையங்களை எண்ணுகிறேன். ஒரே சங்கிலியின் இரு முனையும் ஒரே சந்தியில் மாட்டியிருந்தால் முதல்நிலை வளையம். ஒரே இரண்டு சந்திகளுக்கு நடுவே இரண்டு சங்கிலி ஓடினால் இரண்டாம் நிலை. இப்படியே மேலே போகும்.

50 சந்தி, 100 சங்கிலி வைத்தால் சங்கிலிகளில் சுமார் 1.5 சதவீதம் முதல்நிலை வளையமாகிறது. 500 சந்தி வைத்தால் 0.15. 5,000 வைத்தால் 0.015. பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்த கணக்கு, தற்செயல் இல்லை. ஆனால் கைடு சொல்கிறார், நிஜ ஜெல்லில் இந்த வளையங்கள் கணிசமாக இருக்கும், அளந்தே பார்த்திருக்கிறார்கள் என்று. என் கணக்குப்படி வலை பெரிதாகப் பெரிதாக வளையம் ஒழிந்துபோகிறது. எங்கே பிசகுகிறேன்?

வழிப்போக்கன் · வெள்ளி, இரவு 9.58

தாமிரபரணித் தண்ணீர் சேர்க்காமல் அல்வா கிண்டியிருப்பீர்கள். அதான் பதம் வரவில்லை.

பொருநைக்கரை · வெள்ளி, இரவு 10.20

சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள் அம்மா. மூன்று அளவிலும் மொத்தம் எத்தனை முதல்நிலை வளையம் வந்தது? அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

பாளை_நிரல் · வெள்ளி, இரவு 10.31

50க்கு சராசரி 1.5. 500க்கு 1.5. 5,000க்கும்... 1.5. ஐயோ, இதை நான் பார்க்கவே இல்லை சார்.

பொருநைக்கரை · வெள்ளி, இரவு 11.05

உங்கள் நிரலில் பிசகு இல்லை. கணக்கு கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சந்தியின் நான்கு கைகளில் இருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 6 ஜோடி. 50 சந்தி என்றால் மொத்தம் 200 கை. ஒரு குறிப்பிட்ட கை இன்னொரு குறிப்பிட்ட கையோடு சேரும் வாய்ப்பு 199ல் ஒன்று. ஆக 50 பெருக்கல் 6 வகுத்தல் 199, ஒன்றரைக்கு ஒரு மயிரிழை கூட. 5,000 சந்தியிலும் மேலே நூறு மடங்கு கூடினால் கீழேயும் கிட்டத்தட்ட அதே நூறு மடங்கு கூடும், விடை ஒன்றரைதான்.

மேல்நிலைகளுக்கும் இதே கதை. இரண்டாம் நிலை 2.25, மூன்றாம் நிலை 4.5, நான்காம் நிலை சுமார் 10. மூன்றை, வளையத்தில் எத்தனை சங்கிலியோ அத்தனை தடவை பெருக்கி, வளைய நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வந்துவிடும். அந்த வாய்ப்பாட்டில் வலையின் அளவு எங்காவது தென்படுகிறதா? குட்டி வளையங்களின் எண்ணிக்கை மாறாது. சுற்றியிருக்கும் கூட்டம்தான் பெருகுகிறது. அதனால் விகிதம் தேய்கிறது.

இப்போது ஒரு கிராம் ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திக்குச் சந்தி உள்ள சங்கிலியின் மூலக்கூறு எடை 10,000 என்று வைத்தால், அந்த ஒரு கிராமில் இருக்கும் சங்கிலிகள் 6க்குப் பின்னால் 19 சுழி. உங்கள் மாதிரி அத்தனைக்கும் சேர்த்து ஒன்றரை வளையம் என்று சொல்லும். அங்கேயே தெரிந்துபோகிறது, மாதிரியில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. என்ன என்று நீங்களே யோசியுங்கள், காலையில் வருகிறேன்.

டயர்_பட்டறை · சனி, காலை 6.50

ரீட்ரெட் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் ரப்பர் என்றதும் எட்டிப் பார்த்தேன். வெந்த டயர் முழுக்க ஒரே மூலக்கூறு என்று யாரோ சொல்லக் கேட்டதுண்டு, அது ஒரு பக்கம் கிடக்கட்டும். வளையம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ரப்பர் ரப்பர்தானே தங்கச்சி?

பாளை_நிரல் · சனி, காலை 7.40

அண்ணாச்சி, இதற்கு எனக்கே பதில் தெரியும் :)

தன் சந்திக்கே திரும்பி வந்த சங்கிலி இழுவையைத் தாங்காது. இரண்டு முனையும் ஒரே இடத்தில் இருக்கும்போது அதை யார் இழுப்பது? நான்கு கைச் சந்தியில் அப்படி ஒன்று விழுந்தால் இரண்டு கை வீண். மிச்சமிருக்கும் இரண்டு கையின் சங்கிலிகளும் சேர்ந்து இரட்டை நீளச் சங்கிலி ஒன்றாகிவிடும், சந்தி இருந்தும் இல்லாத கணக்கு. மூன்று கைச் சந்தி என்றால் இன்னும் மோசம். மிச்சம் ஒரே கை, அதில் இருக்கும் சங்கிலியும் சும்மா தொங்கும். அது போய்ச் சேரும் அடுத்த சந்திக்கும் ஒரு கை போச்சு. மொத்தத்தில் ரப்பர் இளகும்.

டயர்_பட்டறை · சனி, காலை 7.52

சரியாக வேகாத ட்ரெட் கையில் பிசுபிசு என்று ஒட்டுவது மாதிரியா?

பொருநைக்கரை · சனி, காலை 8.15

கிட்டத்தட்ட. வேகாததில் சங்கிலிகளுக்கு நடுவே பாலமே விழுந்திருக்காது. இங்கே பாலம் விழுந்தும் பயனில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கையும் பிணைந்திருக்கும், வினை நூற்றுக்கு நூறு முடிந்திருக்கும், ஆனாலும் பொருள் எதிர்பார்த்ததைவிட இளக்கமாக இருக்கும். 1839ல் குட்இயர் கந்தகத்தைக் கலந்து ரப்பரை வேகவைத்த காலத்திலிருந்து இந்தச் சிக்கல் இருக்கிறது.

வளையமே இல்லை என்று வைத்துத்தான் 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஸ்டாக்மேயர் என்ற வேதியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். கிளை விட்டுக் கிளை விட்டுப் போகும் மரம், எந்தக் கிளையும் இன்னொன்றில் முட்டாது. நான்கு கைச் சந்திகளின் கைகளும் சங்கிலிகளின் முனைகளும் எண்ணிக்கையில் சரிசமமாக இருக்கும்படி கலந்தால், வினை சுமார் 58 சதவீதம் நடந்ததும் ஜெல் கட்டிவிட வேண்டும், அதாவது துண்டுகள் சேர்ந்து முழுக்கப் பரவிய வலையாகிவிட வேண்டும் என்று அந்தக் கணக்கு சொல்லும். நிஜத்தில் கொஞ்சம் தாமதமாகத்தான் கட்டும். வளையத்தில் வீணான கைகள்தான் காரணம்.

சரி அம்மா, ராத்திரி கேட்டதற்கு விடை கிடைத்ததா?

பாளை_நிரல் · சனி, காலை 8.40

இடம் சார். என் சந்திகளுக்கு இடமே கிடையாது. எந்த முனையும் எந்தக் கையையும் பிடிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு முனையை மாட்டிய பிறகு மறுமுனை அதே சங்கிலியின் நீளத்துக்குள்தானே அலைய முடியும்!

பொருநைக்கரை · சனி, காலை 9.30

அதுவேதான்.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதிக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். கூட்டம் பத்தாயிரமா லட்சமா என்பது ஒரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் கையைப் பிடித்தால் அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அது உங்களை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த வாய்ப்பைக் குறைப்பது எட்டும் தூரத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் அந்நியர்கள் மட்டுமே. தெற்கு ரத வீதியில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி உங்கள் கைக்குக் கவலை இல்லை. உங்கள் நிரலோ மொத்தக் கூட்டத்தையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒரு கையை எடுக்கிறது.

ஆகவே போட்டி இரண்டு செறிவுகளுக்கு நடுவே. சங்கிலியின் ஒரு முனை பக்கத்தில் அதே சங்கிலியின் மறுமுனை எவ்வளவு அடர்த்தியாகத் தென்படுகிறது என்பது ஒன்று. பிறத்தியார் முனைகள் எவ்வளவு அடர்த்தி என்பது மற்றது. கரைசலை நீர்க்கச் செய்தால் பிறத்தியார் குறைவார்கள், வளையம் கூடும். எடைச் செறிவை மாற்றாமல் சங்கிலியை நான்கு மடங்கு நீளமாக்கினால், சொந்த முனையின் அடர்த்தி எட்டில் ஒன்றாகும், பிறத்தியார் அடர்த்தி நான்கில் ஒன்றாகும், ஆக வளையத்தின் பக்கம் இருக்கும் சாதகம் பாதியாகும். சங்கிலி தன்னிச்சையாகச் சுருண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2012ல் வலையை வேண்டுமென்றே வேதிமுறையில் துண்டாக்கி, துண்டுகளை எடை பார்த்து முதல்நிலை வளையத்தை எண்ணினார்கள். 2016ல் அதே வட்டாரத்திலிருந்து வந்த இன்னொரு வேலை, செறிவையும் சங்கிலியின் அகலத்தையும் சேர்த்து வரும் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும், வளையங்களின் விகிதம் வந்துவிடும் என்று காட்டியது. அந்த எண்ணுக்குள் மாதிரித் துண்டின் அளவு கிடையாது.

உவரி_வலை · சனி, பகல் 12.10

கடல்கரை ஆள் நான். நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனால் வலை என்றால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வலை பின்னுகிறோம். வலை சிறிதா பெரிதா என்பதில் கண்ணிக் கணக்கு நிச்சயம் மாறும். கிழிசலுக்கு ஒட்டுப் போடச் சின்னத் துண்டு பின்னினால் முடிச்சுதான் மிச்சம், கண்ணி கொஞ்சம்தான் தேறும். பெரிய வலை பின்னினால் முடிச்சுக்கு ஒரு கண்ணி என்று வந்துவிடும். இது எதனால்?

பாளை_நிரல் · சனி, பகல் 12.45

அண்ணாச்சி, ஓரம்தான் காரணம்! சதுரமாகப் பின்னிய துண்டு, பக்கத்துக்கு 3 முடிச்சு என்றால் முடிச்சு 9, கண்ணி 4. முடிச்சுக்கு அரைக் கண்ணிகூட இல்லை. பக்கத்துக்கு 10 என்றால் 100 முடிச்சு, 81 கண்ணி. 100 என்றால் 10,000 முடிச்சுக்கு 9,801 கண்ணி. ஒரே துண்டாக இருக்கும் எந்த வலைக்கும் ஒரு சூத்திரம் உண்டு: நூல் துண்டுகளின் எண்ணிக்கையில் முடிச்சுகளைக் கழித்து ஒன்று கூட்டினால் தனித்தனி வளையங்களின் எண்ணிக்கை.

உவரி_வலை · சனி, பகல் 1.20

பக்கத்துக்கு 5 முடிச்சு வைத்துப் போட்டுப் பார்த்தேன். நூல் 40, முடிச்சு 25, கண்ணி 16. கணக்கு சரி.

பொருநைக்கரை · சனி, பகல் 2.00

உவரி அண்ணாச்சி பெரிய விஷயத்தை லேசாகத் தொட்டுவிட்டார். என் பங்குக்கு ஒன்று. அந்தச் சூத்திரத்தை நான்கு கை வலைக்குப் போட்டால் 50 சந்தி, 100 சங்கிலிக்கு 51 வளையம். எப்படிப் பிணைத்தாலும், வலை ஒரே துண்டாக இருக்கும்வரை, 51தான். மொத்தத்தில் மாற்றம் இல்லை. அந்த 51ம் குட்டி வளையமாகப் பங்கு பிரிகிறதா பெரிய வளையமாகப் பிரிகிறதா என்பதில்தான் ரப்பரின் குணம் இருக்கிறது. தன் சந்திக்கே திரும்பும் வளையமும் இந்தக் கணக்கில் ஒன்று என்று சேரும், ஆனால் ஒரு பாரமும் சுமக்காது. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

புள்ளிக்கோலம் · சனி, மாலை 4.30

அம்பாசமுத்திரத்திலிருந்து. வளையமும் அளவும் என்றால் சிக்குக் கோலத்தை எப்படி விட்டீர்கள்? 3க்கு 4 புள்ளி வைத்து நடுவில் எதையும் மறிக்காமல் சுற்றினால் ஒரே கம்பியில் கோலம் முடியும். 4க்கு 4 வைத்தால் நான்கு தனிக் கம்பி. 4க்கு 6 வைத்தால் இரண்டு. இரண்டு எண்ணுக்கும் பொதுவான பெரிய வகுஎண் எதுவோ அத்தனை கம்பி. ஒரு வரிசை கூடியதும் தலைகீழாக மாறிவிடுகிறதே!

பாளை_நிரல் · சனி, மாலை 5.05

அக்கா, இதை இன்று இரவே போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கோலத்தில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கடந்து போகின்றன, முடிச்சு விழுவதில்லை. ஜெல்லில் சந்தி என்றால் நிஜமாகவே ஒட்டிக்கொண்ட இடம். எனக்குத் தோன்றுவது, கோலத்தில் ஓரம் கம்பியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் ஓரத்தின் அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சந்திகளுக்கு இடம் கொடுக்க என் நிரலில் இப்போது ஒரு பெட்டி வைக்கிறேன், அதில் ஓரத்தையே எடுத்துவிட்டேன். வலது சுவரில் வெளியேறும் சங்கிலி இடது சுவர் வழியாக உள்ளே வரும்.

புள்ளிக்கோலம் · சனி, மாலை 5.12

ஓரம் இல்லாத கோலமா! வாசலே இல்லாத வீடு மாதிரி இருக்கிறது.

பாளை_நிரல் · ஞாயிறு, காலை 7.15

இரவு கரண்ட் இரண்டு முறை போனது. லேப்டாப் பாட்டரி தாங்கியதால் தப்பித்தேன்.

நிரலை மாற்றி எழுதிவிட்டேன். சந்திகளைப் பெட்டிக்குள் இடம் குறித்துப் போட்டேன். சங்கிலியின் ஒரு முனை மாட்டியதும், மறுமுனை தூரத்துக்கேற்ற வாய்ப்போடுதான் கையைத் தேடும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் முதல்நிலை, இரண்டாம் நிலை விகிதங்கள் இப்போது தேயவில்லை, ஓரிடத்தில் நின்றுவிட்டன. நிம்மதி!

ஆனால் ஒரு புது வில்லங்கம். ஆகச் சிறிய பெட்டியில் ஐந்து ஆறு சங்கிலி நீள வளையங்கள் அளவுக்கு மீறி வருகின்றன. பெட்டியைப் பெரிதாக்கினால் குறைகின்றன. இது எங்கிருந்து வருகிறது?

பொருநைக்கரை · ஞாயிறு, காலை 8.30

சுவரைக் கடந்து மறுபக்கம் வரலாம் என்று சொன்னீர்கள் இல்லையா? வலது சுவரில் வெளியேறி இடது பக்கம் நுழைந்து தொடங்கிய சந்திக்கே வந்து சேரும் பாதையை உங்கள் நிரல் வளையம் என்று எண்ணும். நிஜத்தில் அது வளையமே இல்லை. முடிவில்லாத வலையில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் பாதை அது. பெட்டி சிறிதாக இருந்தால் சுற்றிவர நாலைந்து சங்கிலி போதும், நிஜ வளையத்தோடு கலந்துவிடும்.

உவரி அண்ணாச்சி இருக்கிறீர்களா? ஒரு வேலை வைக்கிறேன். அந்த 5க்கு 5 துண்டின் இடது ஓரத்தை வலது ஓரத்தோடு ஐந்து நூல் போட்டுக் கட்டுங்கள், குழாய் ஆகும். பிறகு குழாயின் மேல் வாயை வளைத்துக் கீழ் வாயோடு ஐந்து நூலால் கட்டுங்கள். இப்போது எண்ணிச் சொல்லுங்கள்.

டயர்_பட்டறை · ஞாயிறு, காலை 8.41

குழாயை வளைத்து வாயோடு வாய் சேர்த்தால் அது சைக்கிள் டியூப் அல்லவா? என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள்.

உவரி_வலை · ஞாயிறு, பகல் 11.20

கட்டிவிட்டேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நூல் 50, முடிச்சு 25. சூத்திரப்படி 26 வரவேண்டும். ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி மூன்று முறை எண்ணினேன், 25 கண்ணிதான் இருக்கிறது. சூத்திரம் தப்பு.

பொருநைக்கரை · ஞாயிறு, பகல் 11.50

கண்ணிகளை விட்டுவிட்டு டியூபைப் பாருங்கள். டியூபின் பருமனைச் சுற்றி விரலை ஓட்டினால் ஐந்து முடிச்சு கடந்து தொடங்கிய இடத்துக்கு வருவீர்கள். டியூபின் நீளவாக்கில் முழுச் சுற்றும் போனாலும் ஐந்து முடிச்சில் திரும்பி வருவீர்கள். இந்த இரண்டு பாதைக்கு நடுவே கண்ணி என்று எதுவும் இல்லை, ஆனால் இரண்டும் வளையம். அப்படியானால் 27 ஆயிற்றே என்பீர்கள். 25 கண்ணிகளில் 24ஐச் சொல்லிவிட்டால் கடைசிக் கண்ணியின் விளிம்பு தானாக வந்துவிடும், அது தனிக் கணக்கு ஆகாது. 24ம் 2ம் 26.

அந்த இரண்டும்தான் இந்த அம்மாவின் பெட்டியில் வந்த வில்லங்கம். பக்கத்துக்கு 4 முடிச்சு வைத்துக் கட்டியிருந்தால் பொய் வளையத்தின் நீளமும் 4, நிஜக் கண்ணியின் நீளமும் 4. பக்கத்துக்கு 3 என்றால் பொய் வளையம் நிஜத்தைவிடச் சிறிது! நீளத்தை மட்டும் பார்த்தால் பிரிக்கவே முடியாது.

பாளை_நிரல் · ஞாயிறு, பகல் 12.30

புரிந்தது சார். ஒவ்வொரு வளையத்தையும் சுற்றும்போது எந்தச் சுவரை எந்தத் திசையில் கடந்தேன் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே வருகிறேன். முடிவில் சுழி வந்தால் நிஜ வளையம், வராவிட்டால் பொய். அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்தானே?

பொருநைக்கரை · ஞாயிறு, பகல் 1.10

முக்கால்வாசி போதும். பெட்டி நிஜ வளையத்தின் அகலத்தைவிடச் சிறிதாக இருந்தால், பொய்யை எடுத்த பிறகும் நிஜம் உருவாக இடம் கிடைத்திருக்காது. எந்த நீளத்து வளையம் வேண்டுமோ அதன் அகலத்தைப் போலப் பல மடங்கு பெட்டி வையுங்கள்.

எத்தனை நீளம் வரை வேண்டும் என்பதற்கு ஒரு தோராயம். ஒரு சங்கிலி பரவியிருக்கும் இடத்துக்குள் 20 சந்தி இருப்பதாக வையுங்கள். ஒரு சந்தியிலிருந்து மரம் போல் கிளை விட்டால் நான்கு தலைமுறையில் 1, 4, 12, 36, 108, கூட்டினால் 161 சந்தி. சுருண்டு சுருண்டு நான்கு சங்கிலி அலைந்தால் போய்ச்சேரும் தூரம் இரு மடங்குதான், கிடைக்கும் இடம் எட்டு மடங்கு, அதில் உள்ள சந்திகள் 160. ஐந்தாம் தலைமுறைக்கு இடமே இல்லை, கிளைகள் ஒன்றோடொன்று முட்டித்தான் ஆகவேண்டும். ஆகவே எட்டு சங்கிலி நீளத்துக்குள் வளையம் மூடிவிடும், வலை எவ்வளவு பெரிதானாலும் சரி. இடமில்லாத உங்கள் பழைய நிரலில் இந்த எல்லை கிடையாது. அங்கே வலையை மூன்று மடங்கு பெருக்கும்போதெல்லாம் வழக்கமான வளையத்தின் நீளம் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

வழிப்போக்கன் · ஞாயிறு, பகல் 2.25

கிண்டலுக்கு வந்தவன் ஒரு நிஜக் கேள்வி கேட்கலாமா? அப்படியானால் நிஜப் பொருளில் அளவு ஒரு பொருட்டே இல்லையா?

பொருநைக்கரை · ஞாயிறு, பகல் 3.00

கையில் பிடிக்கிற ரப்பரில் இல்லை. ஆனால் 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு ஜெல் உருண்டை, அதன் கண்ணி 10 நானோமீட்டர் என்று வையுங்கள். மேல்தோலில் ஒரு கண்ணி ஆழத்துக்கு உரித்தால் கனஅளவில் 49 சதவீதம் போய்விடும். பாதி வலை ஓரத்தில் இருக்கிறது. உவரி அண்ணாச்சியின் ஒட்டுத் துண்டு மாதிரி. ஜெல் கட்டப்போகிற தறுவாயிலும் அளவு விளையாடும். அப்போது துண்டுகள் பெட்டியை முட்டும் அளவுக்கு வளர்கின்றன, பெட்டி சிறிதாக இருந்தால் ஜெல் கட்டிவிட்டதா இல்லையா என்பதே குழம்பும்.

பாளை_நிரல் · ஞாயிறு, இரவு 8.45

சுவர் கடக்கும் கணக்கைச் சேர்த்து ஓட்டினேன். சின்னப் பெட்டியில் முளைத்த அந்த ஐந்து, ஆறு நீள வளையங்களில் பெரும்பாலானவை பொய் என்று தெரிந்தது. கைடிடம் நாளை காட்டுகிறேன். உவரி அண்ணாச்சி, அந்த நூல் டியூபைப் பிரித்துவிடாதீர்கள். வைவாவில் மேசை மேல் வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கொக்கிரகுளம் அறிவியல் மையத்து வாசலில் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?

உவரி_வலை · ஞாயிறு, இரவு 9.10

வாருங்கள் தாயி, பத்து மணிக்கு இருப்பேன். பொய் வளையம் இரண்டுக்கும் சிவப்பு நூல் கோத்து வைக்கிறேன். இன்னொன்றும் பின்னிக்கொண்டிருக்கிறேன், பக்கத்துக்கு 3 முடிச்சு. டியூபாக வளைக்க முடியாமல் கசங்குகிறது, நைலானை மாற்றிப் பார்க்க வேண்டும்.